போதும் என்று ஒரு வார்த்தை

ஜெல்கா சூப்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். கிண்ணம் பாதி நிறைந்தது, முக்கால் நிறைந்தது, விளிம்புக்கு வந்து தளும்பியது. அடுத்த கரண்டியை அதன் மேல் பிடித்தபடி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "போதும்னு சொல்லுங்கப்பா. போ-தும். சொன்னாத்தான் நிறுத்துவேன்." அப்பா வெந்தெலினின் வாயில் இடது பக்கம் மட்டும் முயன்றது. வலது பக்கம், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. தேகம் முழுவதும் சேர்ந்து ஒரு வார்த்தையைத் தள்ளிக்கொண்டு வந்தது. கடைசியில் வெளியே விழுந்தது என்னவோ பழைய வார்த்தைதான். "வா," என்றார். ஜெல்கா கரண்டியைக் கவிழ்த்தாள். முட்டைக்கோஸ் சூப் மேசை விரிப்பில் ஓடி அவர் மடியில் சொட்டியது.

பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பிளஜேனா சத்தம் கேட்டு உள்ளே வந்தாள். ஈரத் துண்டால் கணவனின் மடியைத் துடைத்தபடியே மகளைத் திட்டினாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் என்ன சொல்லிவிட்டுப் போனாள்? தேவை வந்தால் வார்த்தை வரும், அதனால் கேட்கிறவரைக்கும் கொடுக்காதீர்கள் என்றாள். அதற்காகச் சுடச்சுட மேலே ஊற்றச் சொல்லவில்லையே. "தண்ணி, ரொட்டி, வலி. இதைத்தானே அவ சொல்லிக் குடுக்கச் சொன்னா? நீ ஏன்டி இந்த ஒரு வார்த்தையையே பிடிச்சுத் தொங்கறே?" ஜெல்கா கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போட்டாள். தண்ணியும் ரொட்டியும் அவர் கேட்காமலே கொடுக்கக்கூடியவை. இது அப்படி இல்லை. இது அவர் கொடுத்து அவள் வாங்கிக்கொள்ள வேண்டியது.

விஷயம் இதுதான். ஜெல்கா என்கிற ஜெல்மீரா பெலுஷோவாவுக்கு முப்பது வயது நெருங்குகிறது, டென்னிஸ் ஆடி ஆடி அலுத்துவிட்டது. வலது தோளில் இரண்டு முறை கத்தி வைத்தாயிற்று. காலையில் தலை வாரவே இடது கை தேவைப்படுகிறது. "போதும், நிறுத்திக்கோ" என்று ஒருவர் சொன்னால் அவள் அந்த நிமிடமே மட்டையைக் கீழே வைத்துவிடுவாள். ஆனால் அந்த ஒருவர் வெந்தெலினாக இருக்க வேண்டும். ஐந்து வயதில் அவள் கையில் மட்டையைத் திணித்தவர் அவர். எந்தக் கையால் பிடிப்பது, எந்தப் பள்ளியை விடுவது, எந்த ஊருக்கு எந்த ரயிலில் போவது, எந்தப் பையனோடு பேசாமல் இருப்பது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். ஒரு செருப்புகூட அவள் தானாக வாங்கியதில்லை. இப்படி வளர்ந்தவளிடம் திடீரென்று உன் வாழ்க்கையை நீயே பார்த்துக்கொள் என்றால், கூண்டைத் திறந்துவிட்ட கோழி மாதிரி வாசலிலேயேதான் நிற்பாள்.

வெந்தெலின் டென்னிஸ் படித்தவர் அல்ல. எங்கள் ஊர் ஹ்லோஹோவெட்ஸின் கம்பி ஆலையில் இயந்திரம் பழுது பார்த்தவர். மகளுக்காகத் தொலைக்காட்சி பார்த்துக் கற்றுக்கொண்டார். குடியிருப்புக்குப் பின்னால் வரிசையாக இருந்த கார் கொட்டகைகளின் சுவரில் வெள்ளைக் கோடு போட்டு, ஷிப்ட் முடிந்த கையோடு, எண்ணெய்ப் பிசுக்கு போகாத கையாலேயே பந்து போடுவார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு "வா." எங்கள் பக்கத்தில் டென்னிஸ் ஆடுகிறவர்கள் ஒரு புள்ளி எடுத்தால் தமக்குத்தாமே கத்திக்கொள்வது அதுதான், பார்க்கிறவர்கள் கத்துவதும் அதுதான். விடாதே, அடி, இன்னும் கொஞ்சம், அழாதே, எழுந்திரு, இத்தனைக்கும் சேர்த்து ஒரே எழுத்து. மற்ற அப்பாக்கள் வாயில் பத்து வார்த்தைக்கு ஒரு முறை வரும் அது. வெந்தெலின் பேசியதே அவ்வளவுதான் என்று சொல்லலாம். அதனாலோ என்னவோ, மார்ச் மாதம் பக்கவாதம் வந்து அவர் வாயிலிருந்து எல்லா வார்த்தைகளையும் துடைத்துக்கொண்டு போனபோது, இது மட்டும் பாத்திரத்தின் அடியில் பிடித்ததுபோல் ஒட்டிக்கொண்டு நின்றது. பசித்தால் வா. வலித்தால் வா. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றாலும் வா.

அவள் ஆட்டக்காரியாக வாழ்ந்த வாழ்க்கையை ஊரார் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. உலகத் தர வரிசையில் நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் ஏறினாள். நூறுக்குள் இருந்தால் பெரிய பந்தயங்களில் நேராக நுழையலாம். வெளியே இருந்தால் தகுதிச் சுற்றில் மூன்று பேரை ஜெயித்துவிட்டு உள்ளே போக வேண்டும். மூன்று முறை இரண்டு பேரை ஜெயித்துவிட்டு மூன்றாவது ஆளிடம் தோற்றாள். பாரிஸில் ஒரு முறை இன்னும் ஒரே ஒரு புள்ளி என்ற நிலையில் பந்து வலையின் மேல்நாடாவில் பட்டு, ஒரு நொடி யோசித்து, அவள் பக்கமே விழுந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது. அதற்குப் பிறகு துருக்கியிலும் எகிப்திலும் கடற்கரை விடுதிகளின் பின்பக்க மைதானங்களில், விடுதிப் பூனைகள் மட்டும் பார்த்திருக்க, அவளைப் போலவே களைத்த பெண்களோடு வாரா வாரம் ஆடினாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் அப்படி ஒரு நாளில்தான். பிளஜேனா உடனே சொல்லவில்லை, ஆட்டம் முடியட்டும் என்று காத்திருந்து சொன்னாள். நினைவு இருந்திருந்தால் அவரே அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார் என்பது அவளுடைய சமாதானம். ஜெல்கா அந்த ஆட்டத்தில் ஜெயித்திருந்தாள்.

பிளஜேனாவின் பிழைப்பு வேறு விதம். ஆஸ்திரியாவில் லின்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. சனிக்கிழமை விடியற்காலையில் வேன் வரும், குடியிருப்புக்கு ஒருத்தி இருவர் என்று பெண்களை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அடுத்த நாட்டு அப்பாக்களின் முதுகைத் தேய்த்துவிட்டுத்தான் சொந்த வீட்டு அடுப்பை எரிக்கிறார்கள். அவர்கள் வீட்டு அப்பாக்களின் முதுகை யார் தேய்ப்பது என்று எந்த அரசாங்கமும் கேட்டதில்லை. மார்ச்சிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் தயவிலும் ஜெல்காவின் பந்தய இடைவெளிகளிலும் எப்படியோ ஓட்டியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரி இப்போது மகன் வீட்டுக்கே குடிபோகிறாள். வாஹ் நதிக்கு அக்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை ஒன்று காலியாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். வெந்தெலினுக்கு அறுபத்தோரு வயதுதான். அங்கே அவர்தான் இளவட்டமாக இருப்பார்.

அந்த வாரம் ஹ்லோஹோவெட்ஸிலேயே ஒரு சின்னப் பந்தயம். ஜெல்கா சிறுவயதிலிருந்து ஆடிய மைதானம். காலிறுதி வரை வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ஜெயித்து அரையிறுதிக்குப் போனால் நியூயார்க் தகுதிச் சுற்றுக்கான பட்டியலில் பெயர் ஏறிவிடும். அதற்கு முன் மூன்று வாரம் வெளியூர்ப் பந்தயங்கள், அப்புறம் விமானம். தோற்றால் அந்தக் கதவு சாத்தப்படும், இந்த வயதில் அது மறுபடி திறக்காது. சூப் சிந்திய மாலையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த பிளஜேனா தலை நிமிராமலே தீர்ப்பைச் சொன்னாள். "ஜெயிச்சா போ. அவரை அக்கரையில விட்டுடுவோம். தோத்தா நீ வீட்டுல இரு, நான் வேன்ல ஏறறேன். நீயும் முடிவு பண்ண வேணாம், நானும் பண்ண வேணாம்." ஜெல்கா சரி என்றாள். இரண்டு பேருக்கும் அப்போது மூச்சு விட முடிந்தது. பாரத்தை இறக்கி வைக்க ஒரு மஞ்சள் பந்து கிடைத்தது.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். மைதானக் காவலர் கோலமன் மாமா காலையிலேயே செம்மண்ணுக்குத் தண்ணீர் காட்டி, மண்ணை நிரவும் இழுவலையை இழுத்துத் தடம் தெரியாமல் சமப்படுத்தியிருந்தார். பூண்டு தடவிய லாங்கோஷ் ரொட்டியைத் தின்றுகொண்டு ஊர்ப் பெரிசுகள் பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்தார்கள். பிளஜேனா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து மைதானத்தைச் சுற்றியிருந்த கம்பி வலையை ஒட்டி நிறுத்தினாள். வெந்தெலினுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, முடியைத் தண்ணீர் தொட்டு வாரிவிட்டிருந்தாள். கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் இருந்தார். எல்லோரும் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் ஒரு "வா" கிடைத்தது.

எதிரே செக் நாட்டுப் பெண், அதேலா. பத்தொன்பது வயது. கால்கள் ஸ்பிரிங் மாதிரி. ஆட்டம் தொடங்கியதும் வெந்தெலினும் தொடங்கிவிட்டார். ஜெல்கா புள்ளி எடுத்தாலும் வா, விட்டாலும் வா, பந்து பொறுக்கப் போனாலும் வா. முதலில் கூட்டம் ரசித்தது. செக் மொழியிலும் அந்த வார்த்தை ஏறக்குறைய அதேதான், அவர்களும் நாங்களும் ஒரே வீடாக இருந்து பாகம் பிரித்துக்கொண்டவர்கள்தானே. அதேலா ஓர் அருமையான பந்தை அடித்துவிட்டுத் திரும்பியபோது அவளுக்கும் ஒரு "வா" விழுந்தது. அவள் குழம்பிப்போய் கம்பி வலைப் பக்கம் தலையசைத்து நன்றி சொன்னாள். "பார்றா, எதிரிக்கும் ஓசியில கோச்சிங் குடுக்கறான். அந்தக் காலத்துல நம்ம பசங்களுக்கு ஒரு பந்து போட மாட்டான்," என்றார் கோலமன். பெஞ்சு முழுவதும் சிரித்தது.

ஜெல்கா சிரிக்கவில்லை. முதல் செட்டைத் தோற்றாள். பாதி தோள்வலியால் தோற்றாள், மீதியை அவளே விட்டாள். அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை வரப் போவதில்லை, தோல்வி அதைச் சொல்லட்டும். நான் நிறுத்தவில்லை, என்னை நிறுத்திவிட்டார்கள் என்று இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தோற்பதும் ஒரு வித்தை, அதை வெந்தெலின் சொல்லிக்கொடுக்கவில்லை. பந்து வந்தால் கால் தானாகப் போய் நின்றது. தோள் வலித்துக்கொண்டே சுழன்றது. வெளியே அடிக்க நினைத்த பந்து கோட்டில் விழுந்தது. கார் கொட்டகைச் சுவரில் கால் நூற்றாண்டாக ஏற்றிய பழக்கம், அவளைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்? இரண்டாவது செட் அவள் பக்கம் வந்துவிட்டது. கூட்டத்தில் லாங்கோஷ் தின்பதை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது செட்டின் நடுவில்தான் அது நடந்தது. அதேலா சர்வீஸ் போடப் பந்தை மேலே எறிந்தாள். "வா." பந்து வலையில் விழுந்தது. இரண்டாவது முறை எறிந்தாள். "வா." அதுவும் விழுந்தது. அவள் மட்டையைத் தொங்கவிட்டு நடுவரிடம் போனாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது, குரலும் மரியாதையாகத்தான் இருந்தது. உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடுவர் தலைநகர் பிராட்டிஸ்லாவாவிலிருந்து வந்த இளைஞர், இந்த ஊரைத் தெரியாதவர். ஒலிபெருக்கியில் சொன்னார், கம்பி வலைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர் சர்வீஸ் போடும்போது அமைதியாக இருக்க வேண்டும், அந்த வார்த்தையை அப்போது சொல்லக்கூடாது. பிளஜேனா எழுந்து நின்றாள். கத்தவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அவருக்கு வேற வார்த்தை கிடையாது தம்பி."

நடுவரின் முகம் காதுவரை சிவந்தது. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, குனிந்து, மன்னிக்க வேண்டும், ஆனாலும் அந்தப் பெண்ணால் ஆட முடியவில்லையே என்று சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதேலாவைக் குறை சொல்ல முடியாது. யாரைத்தான் சொல்வது? பிளஜேனா பிரேக்கை விடுவித்து நாற்காலியைத் திருப்பினாள். பாப்ளர் மரங்களுக்கு அப்பால் ஆற்றங்கரைக்குப் போகும் பாதையில் தள்ளிக்கொண்டு போனாள். ஜெல்கா கோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம், அவர் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அப்பாவுக்கு இருக்கிற வியாதி தனக்கும் இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டாள்.

வெந்தெலினுக்குத் தன்னை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று புரியவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி மைதானத்தைப் பார்த்தார். "வா," என்றார். நாற்காலி சரளைக்கல்லில் குலுங்கியது. "வா." மரங்களுக்குள் போய்விட்டார். வெள்ளைச் சட்டை தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. "வா." ஜெல்காவுக்கு உள்ளே என்னவோ அறுந்து விழுந்தது. இத்தனை வருஷமாக அந்த வார்த்தை அவளுக்கு அடி என்றும் விடாதே என்றும் மட்டும்தான் கேட்டிருக்கிறது. அதற்கு வா என்றும் ஓர் அர்த்தம் உண்டு. சாப்பிட வா, வீட்டுக்கு வா, என்னோடு வா, என்னை விட்டுவிடாதே. உலகமெல்லாம் அதற்குத்தான் அந்த வார்த்தையைச் சொல்கிறது. மார்ச்சிலிருந்து அவர் தன்னிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தார்? நான் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன்? சூப்பை மடியில் ஊற்றினேனே, பாவி. கண்ணீர் வந்து வலை இரண்டாகத் தெரிந்தது. நடுவர் அவள் பெயரைச் சொல்லி, தயாரா என்று கேட்டார்.

இப்போது தோற்பது என்று முடிவே செய்துவிட்டாள். அரைகுறையாக இல்லை, முழு மனசோடு. தோற்றுவிட்டு அந்தப் பாதையில் ஓட வேண்டும். பந்தை நடுவிலேயே, மெதுவாகவே போட்டாள். ஆனால் வினை வேறு ரூபத்தில் வந்தது. அந்தக் குரல் போனதிலிருந்து அதேலாவின் ஆட்டம் கலைந்துவிட்டது. நல்ல வளர்ப்பு, பாவம். ஒரு நோயாளியை வெளியே அனுப்பிவிட்டோம் என்ற குற்றவுணர்ச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டது. எளிய பந்துகளை வலையில் அடித்தாள், மேகத்துக்கு அடித்தாள். ஜெல்கா தோற்கப் பார்க்க, அவள் அதற்கு மேல் தோற்றாள். ஆட்டம் ஜெல்காவின் வெற்றிப் புள்ளிக்கு வந்து நின்றது.

அதேலா கண்ணை மூடிக்கொண்டு அடித்ததுபோல் ஒரு பந்தை அடித்தாள். அது ஜெல்காவின் பின்கோட்டருகே விழுந்து தாண்டிப் போனது. நடுவர் வெளியே என்று கையை உயர்த்தினார். அதேலா தடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். செம்மண்ணில் பந்து விழுந்த இடத்தில் தடம் இருக்கும், நடுவர் இறங்கி வந்து பார்த்துச் சொல்லலாம். ஆனால் தன் பக்கம் விழுந்த தடத்தை ஆட்டக்காரியே காலால் அழித்துவிட்டால், பந்து உள்ளே விழுந்தது என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். புள்ளி எதிராளிக்கு. நடுவர் நாற்காலிப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார். தடம் ஜெல்காவின் காலடியில் இருந்தது. ஒரு தேய்ப்புப் போதும். ஒரு புள்ளிதான், ஆனால் அங்கிருந்து தோற்றுப்போவது எளிது. அழி, என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கால் எழுந்ததுகூட. அதற்குள் கை முந்திக்கொண்டது. வெந்தெலின் அவளுக்கு ஆறு வயதில் சொல்லிக்கொடுத்தது: தடத்தை மிதிக்காதே, மட்டையால் சுற்றி வட்டம் போட்டுக் காட்டு. மட்டையின் நுனி செம்மண்ணில் அழகாக ஒரு வட்டம் போட்டு நின்றது. கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, குருடனுக்கும் தெரியும். நடுவர் குனிந்து பார்த்தார். வெளியே.

கூட்டம் எழுந்து கைதட்டியது. எந்தப் புள்ளிக்கும் தனக்குத்தானே கத்திக்கொள்கிறவள் இந்தப் புள்ளிக்கு வாயைத் திறக்கவில்லை. வலையருகே அதேலா அவளைக் கட்டிக்கொண்டு, உங்க அப்பாகிட்ட நான் ஸாரி சொன்னேன்னு சொல்லுங்க என்றாள். ஆட்டம் முடிந்தால் மைதானத்தைச் சமப்படுத்துவது ஆடியவர்களின் வேலை. ஜெல்கா இழுவலையை எடுக்கப் போனபோது கோலமன் மாமா அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "போடி. அந்த மனுஷன்கிட்ட போய்ச் சொல்லு, மொதல்ல," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று நினைத்துவிட்டார்.

ஆற்றங்கரையில் பிளஜேனா பெஞ்சில் உட்கார்ந்து செருப்பிலிருந்த கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். கைதட்டல் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், ஆனாலும் என்ன ஆச்சு என்று கேட்டாள். ஜெல்கா ஜெயித்துவிட்டேன் என்றாள். ஒரு சாவுச் செய்தியைச் சொல்கிறவள்போல் சொன்னாள். பிளஜேனா மகளின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. நல்லதுடி என்று மட்டும் சொல்லிவிட்டு, கைப்பையைத் திறந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தாள். அந்த முதியோர் இல்லத்தில் ஐந்து மணிக்கு மேல் யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஜெல்கா அப்பாவின் முன்னால் மண்டியிட்டாள். அவள் சாக்ஸிலும் முழங்காலிலும் அப்பியிருந்த செம்மண் அவர் செருப்பில் உதிர்ந்தது. "அப்பா, நான் போகட்டுமா, இருக்கட்டுமா? தலையை மட்டும் ஆட்டுங்க. ஒரே ஒரு தடவை நீங்க சொல்லுங்க." வெந்தெலின் அவளைப் பார்த்தார். கண் நன்றாகத் தெளிந்துதான் இருந்தது. தலை ஆடவில்லை. நல்ல கையாக மிஞ்சியிருந்த இடது கையை நீட்டி, அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தார். கம்பி ஆலையில் முறுக்கேறிய கை, இன்னும் பலம் போகவில்லை. அதை மெதுவாக மேலே கொண்டுவந்தார். ஜெயித்தவனின் கையை உயர்த்திக் காட்டுவார்களே, அதற்கா? இல்லை, தன் மார்போடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளவா? கை அவர் மார்புக்கு நேரே, பாதி வழியில் நின்றது. ஆற்றோரத்தில் பிளஜேனா யாரிடமோ ஆமாம், ஒரே ஒருத்தர்தான், ஆம்பளை, என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வா," என்றார் வெந்தெலின்.

மேலேயும் தூக்காமல், கீழேயும் இழுக்காமல், அவர் கைக்குள் தன் கையைக் கனமில்லாமல் விட்டுவிட்டு, அது எந்தப் பக்கம் போகப்போகிறது என்று ஜெல்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.